தொட்டுக் கும்பிட்ட கை

அய்யாசாமிக்கு அந்த விளையாட்டைப் பார்த்தாலே குமட்டும். ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரையில் அரிசி மில்லின் நெற்களம் மழைக்காலத்தில் சேறாகிக் கிடக்கும். உமிச்சாம்பலும் நாப்பி மீன்விழுதின் வாடையும் கலந்த அந்தச் சேற்றில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் புரண்டெழுந்து, முட்டை வடிவப் பந்து ஒன்றை உதைத்தும் முஷ்டியால் குத்தியும் கம்பங்களுக்கு நடுவே அனுப்பப் பார்ப்பார்கள். ஞாயிறுதோறும் மில் துரைக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்று, அவர் சொல்வதைத் தமிழாக்கிக் கத்துவது, மில் கணக்கெழுதும் கிராணி அய்யாசாமியின் வேலை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் இரண்டு பாஷை படித்ததற்குக் கிடைத்த பலன் அது.

மில் துரை ஆஸ்திரேலியாக்காரர். ரங்கூனுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கோதுமை விளையும் சிற்றூர்க்காரர். அந்த ஊர் ஆட்டக் கழகத்தில் வருஷத்துக்கு ஒருவருக்குப் பதக்கம் உண்டாம். வாங்கியவர்களின் படங்களை அறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். ஒருவர் கசாப்புக் கடைக்காரர், ஒருவர் ரயில்வே காவலாள், ஒருவர் பள்ளி வாத்தியார். நன்றாக ஆடினால் மட்டும் போதாது, நேர்மையாகவும் ஆட வேண்டும். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் நடுவர் மூன்று பேருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பெண் எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்பார். கடைசியில்தான் பிரிப்பார்கள். வருஷத்தில் ஒரே ஒரு தடவை எதிராளியை அடித்ததாக நிரூபணமானால் போதும், எத்தனை மதிப்பெண் இருந்தாலும் பதக்கம் கிடையாது. இந்த ஒரு விதிக்காக மட்டும் அய்யாசாமி மனசுக்குள் துரையை மதித்தார்.

1926 மழைக்காலத்தில் துரை அதே பதக்கத்தை இங்கேயும் வைத்தார். தன் மில் ஆள் ஜெயித்தால் அவனுக்கு நீராவி லாஞ்சுப் படகின் மேல்தட்டில் வேலை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எல்லோரும் நல்லையாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லையா பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். ஆறு வருஷமாக நெருப்பின் வாயில் நின்று, இருமினால் கரிக்கோழை வரும். நெருப்பை விட்டு விலகாவிட்டால் அடுத்த மழையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதை அவனுக்குத் தமிழில் சொன்னவரும் அய்யாசாமிதான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் ஆறு பேர் தலைக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பான். யார் மேலும் நகம் பட்டதில்லை.

அவனுக்கு அடுத்தபடி பேர் வாங்கியவன் பொன்னுத்துரை, மேஸ்திரி குழந்தைவேலுவின் மச்சினன். நடுவராக நிற்கும் விசில் துரை அந்தப் பக்கம் திரும்பினால் முழங்கையால் விலாவில் இடிப்பான். இந்தப் பக்கம் திரும்பினால், இடிபட்டவனையே கைகொடுத்துத் தூக்கி முதுகில் தட்டிக் கொடுப்பான். அந்த வெற்றிலைச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அய்யாசாமிக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

கடைசி ஆட்டம் மரவாடிக்காரர்களோடு. பந்துக்குத் தாவிய நல்லையா இறங்கும்போது, கீழே விழுந்து கிடந்த அமீர் அலியின் தோளில் கால் பட்டுவிட்டது. பந்து அது பாட்டுக்குப் போனது. நல்லையா அதைத் துரத்தவில்லை. சட்டென்று குனிந்து அமீர் அலியின் தோளைத் தொட்டு, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விசில் கேட்டது. விழுந்தவனைக் குனிந்து அடித்தான் என்று விசில் துரை நோட்டை எடுத்து எழுதினார்.

களத்தைச் சுற்றி நின்ற முந்நூறு பேருக்கும் அது என்னவென்று தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் துரைமார். விசாரணை மறுநாள் காலை என்றார்கள். அமீர் அலி விடியுமுன் மோல்மீன் போகும் கப்பலில் மரம் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இனி அதை இங்கிலீஷில் விளங்கச் சொல்ல வேண்டியவர் அய்யாசாமி ஒருவர்தான்.

அன்று சாயங்காலமே குழந்தைவேலு அவர் வீட்டு வாசலில் நின்றார். அந்த வீடே மேஸ்திரி பார்த்துக் கொடுத்தது. உள்ளே மனைவி அம்சவேணிக்கு ஏழாம் மாதம். மேஸ்திரி மழையைப் பற்றிப் பேசினார், ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றித் தருவதாகச் சொன்னார், அம்சவேணிக்குப் பலாச்சுளை கொடுத்தார். போகும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்குத் துரை கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க கிராணி. கேக்காததுக்கு நமக்கு வாய் எதுக்கு?"

பலாச்சுளையை அய்யாசாமியும் தின்றார். 

மறுநாள் துரை அறையில், சுவர்ப் படங்களுக்குக் கீழே நல்லையா ஈர லுங்கியோடு நின்றான். விழுந்து கிடந்தவன் மேல் கை வைத்தாயா என்று துரை கேட்டார். அய்யாசாமி தமிழில் கேட்டார்.

"வச்சேங்க. காலு பட்டுருச்சுல்ல? தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். மனுசன் மேல கால் பட்டா பின்ன என்ன செய்வாங்க?"

மேஸ்திரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.  கை வைத்தது உண்டு என்கிறான், என்று அய்யாசாமி இங்கிலீஷில் சொன்னார். அங்கேயே நிறுத்தினார். வேறு என்னவோ நிறையச் சொன்னானே என்று துரை கேட்டார். எதிராளி மேல் கால் பட்டதாகவும் ஒப்புக்கொள்கிறான் என்றார் அய்யாசாமி. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யில்லாமலேயே ஒருவனை நெருப்புக்குள் தள்ள முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். துரை பெருமூச்சு விட்டு, உண்மையை ஒப்புக்கொண்டதற்காக நல்லையாவைப் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் அய்யாசாமிதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப, தொட்டதை நீங்க அவருகிட்டச் சொல்லிட்டீங்கள்ல ஐயா?" என்றான் நல்லையா.

"சொல்லிட்டேன்."

உறைகளைப் பிரித்தபோது நல்லையாவுக்குப் பத்தொன்பது, பொன்னுத்துரைக்குப் பதினொன்று. துரை நல்லையாவின் பெயரை அடித்துவிட்டு, பொன்னுத்துரையின் கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தை மாட்டினார். நேர்மையைப் பற்றி நீளப் பேசினார். அய்யாசாமி வரி விடாமல் மொழிபெயர்த்தார், அன்றைக்கு மட்டும் ஒன்றும் குறையாமல். கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. கசாப்புக்காரருக்கும் வாத்தியாருக்கும் பக்கத்தில் பொன்னுத்துரை படமும் ஏறியது. அதற்குப் பிறகு அந்தச் சுவரில் இருந்த எந்த முகத்தையும் அய்யாசாமியால் நம்ப முடியவில்லை. இவர்களில் எத்தனை பேருக்காக எத்தனை கிராணிகள் வாயை மூடினார்களோ.

வீட்டுக் கூரை ஓடுகளை மட்டும் மேஸ்திரி சொன்னபடி மாற்றிக் கொடுத்தார்.

கார்த்திகை பிறந்து மழை விட்ட பிறகு ஒரு நாள், அய்யாசாமி ஓடையைக் கடக்கச் சம்பான் தோணியில் ஏறினார். எதிரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு நல்லையா. தோள் எலும்பு துருத்தியிருந்தது. இருமிவிட்டு, ஓடைத் தண்ணீரில் கறுப்பாகத் துப்பினான். அந்த நேரம் பார்த்துப் பொன்னுத்துரை வேலை பார்க்கும் லாஞ்சு பக்கத்தில் கடந்தது. அலையில் சம்பான் ஆடியது. அய்யாசாமியின் செருப்புக்கால் நல்லையாவின் பாதத்தில் இடித்தது. பிறந்த நாள் முதல் பழகிய கை, தொட்டுக் கும்பிடத் தன்னால் நீண்டது.

நல்லையா காலை இழுத்துக்கொண்டான். தொட்டதைக் கிராணி சொல்லியிருந்தால் பதக்கம் போயிருக்காது என்று அவனே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"வேணாங்க கிராணி. தொட்டா, அடிச்சதுன்னு ஆயிரும்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று அய்யாசாமிக்குத் தெரியவில்லை. கரை வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன அழுகின மீனைப் போல.