முன்மொழிய இருவர்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டனக்கா என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. காரணம் எல்லாருக்கும் தெரியும். எந்த வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் பேச்சு கடைசியில் இணையதளத்தின் பட்டனில்தான் வந்து நிற்கும். பெரிசு பண்ணுங்க, சிவப்பாக்குங்க, கொஞ்சம் மேலே ஏத்துங்க. அவளும் முகம் சுளிக்காமல் ஏற்றுவாள், இறக்குவாள். பதினாறு வருஷம் ஓர் அச்சகத்தில் விசிட்டிங் கார்டும் நோட்டீசும் வடிவமைத்தவள். அச்சகத்தை மூடியபோது அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சொந்தமாக இணையதளக் கம்பெனி ஆரம்பித்து, "வாங்கக்கா" என்று கூட்டிக்கொண்டாள். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, நாலு மேசை. இளையவள் முதலாளி, மூத்தவள் வேலைக்காரி. இரண்டு பேருக்குமே அதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

அந்த வருஷம் வந்த வேலை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஒரு சங்கத்தின் இணையதளம். ஒரு கலங்கரை விளக்கம், ஒரு மாவு மில், ஒரு நீரேற்று நிலையம் என்று ஏழு கட்டடங்கள் சங்கத்தின் பொறுப்பில் இருந்தன. உறுப்பினரானால் எல்லாவற்றையும் வருஷம் முழுக்கப் போய்ப் பார்க்கலாம். இருக்கிற உறுப்பினர்களுக்கோ வயதாகிக்கொண்டே போனது. புதிதாக யாரும் சேரவில்லை. முகப்புப் பக்கத்தைச் சீர் செய்தால் சேருவார்கள் என்று சங்கம் நம்பியது. முகப்பு மட்டும்தான் அவள் வேலை.

செயலாளர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருடைய கருத்துகள் எண் போட்டு வரும். முதல் மின்னஞ்சலில் பதினேழு. 'சேருங்கள் என்ற பட்டன் கண்ணில் படவில்லை.' அவள் பெரிதாக்கினாள். இரண்டாவதில் இருபத்திரண்டு. 'இப்போது கண்ணில் குத்துகிறது.' சிறிதாக்கினாள். கலங்கரை விளக்கத்தின் படம் ஒரு பாகை சாய்ந்திருப்பதாக மூன்றாவதில் எழுதியிருந்தார். அளந்து பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. நிமிர்த்தினாள், கடல் சாய்ந்துவிட்டது.

ஆறு வாரம் இப்படிப் போனது. பக்கம் என்னவோ அழகாகத்தான் வந்திருந்தது. சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, செயலாளர் பேசினாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள நாலு பேராவது புதுசா சேரலன்னா வேற ஆளைப் பாத்துக்கிறாங்களாம்."

"சரி."

"சரி இல்லக்கா. அவங்க போயிட்டா நாலு மேசையை நான் எப்படி ஓட்டுறது? மத்த ரெண்டு பேரும் புரோகிராம் எழுதறவங்க, அவங்களை விடவும் முடியாது..."

போக வேண்டியது யார் என்று முதலாளி சொல்லத் தேவையில்லை. நாற்பத்து மூன்று வயதில் இன்னோர் இடத்தில் போய் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பதைப் பற்றி அவள் பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தாள்.

வீட்டில் அவளும் தங்கையும்தான். தங்கைக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. பகல் முழுக்க வலியோடு வருகிறவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவாள், மிச்சமெல்லாம் அக்காவுக்கு.

"இதைப் பாத்தா சேரணும்னு தோணுதான்னு சொல்லு," என்று அவள் லேப்டாப்பை நீட்டினாள்.

"கடல் ஏன் ஒரு பக்கமா ஒழுகுது?"

"அதை விடு. சேருவியா?"

"நெனச்சப்பல்லாம் கலங்கரை விளக்கம் ஏறலாம்னா கசக்குதா?" தங்கை பட்டனை அழுத்தினாள். முன்பு யாரோ செய்து வைத்த பழைய படிவம் திறந்தது. பெயர், முகவரி நிரப்பியவள் அப்படியே நின்றாள். "என்னக்கா இது? உங்களை முன்மொழியும் இரண்டு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும்னு கேக்குது."

"எங்க, காட்டு."

"எனக்கு இவங்கள்ல ஒரு ஆளைக்கூடத் தெரியாதே. உனக்கு யாரைத் தெரியும்?"

"செயலாளரை."

"ஒண்ணாச்சு. இன்னொண்ணுக்கு எங்க போக? சேர்ந்தாதானே இவங்களைத் தெரியும், தெரிஞ்சாதான் சேரணுமா? இதுக்கா ஆறு வாரமா கலர் பாத்துக்கிட்டு இருந்த?"

அவள் படிவத்தைக் கடைசிவரை படித்ததே இல்லை. பட்டன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பாள். படிவம் திறந்ததும் மூடிவிடுவாள். மறுநாள் பார்த்தபோது, ஆறு வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் அந்தப் பட்டனை அழுத்தியிருந்தார்கள். படிவத்தை முடித்தவர் ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை நீரேற்று நிலையத்தின் மாடியில் சங்கத்தின் குழுக் கூட்டம். பழைய பம்பின் ஆளுயர இரும்புப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீள மேசை போட்டு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் செயலாளரிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எண் போட்டு மறுப்பு வந்துவிடும்.

"உங்களை முன்மொழிஞ்சது யாருன்னு ஒவ்வொருத்தரா சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

"எங்க மாமனாரும் கொழுந்தனாரும்," என்றார் மருந்துக்கடை நடத்தும் பொருளாளர் அம்மா.

"எங்கப்பாவும் சித்தப்பாவும்," என்றார் அடுத்தவர்.

"என் மச்சான். இதோ இருக்காரே." மச்சான் கையைத் தூக்கிக் காட்டினார்.

சுற்றி முடித்தபோது மேசையில் வெளியாள் என்று ஒருவரும் இல்லை. பொருளாளர் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சங்கம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்! பாத்தா சம்பந்தி வீடா இருக்கு."

செயலாளர் சிரிக்கவில்லை. "விதி விதிதாங்க. ஆரம்பத்துல இருந்தே ரெண்டு கையெழுத்து. மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். அதுக்கு எட்டு மாசம் இருக்கு."

"மாத்த வேணாம் சார். ஒருத்தர் எத்தனை பேரை முன்மொழியலாம்னு அதுல போட்டிருக்கா?"

அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்து வரிவரியாகத் தேடினார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர்தான் என்று அதில் போட்டிருந்தால் அவளிடம் வேறு வழி இல்லை.

"போடல," என்றார் கடைசியில், எல்லைக்கல்லை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்ட மாதிரி.

"அப்ப என் பேரைப் போட்டுக்கம்மா. மெம்பர் நம்பர் இருபத்தேழு," என்றார் பொருளாளர் அம்மா. "இன்னொரு பேரு செயலாளரோடது."

"முன்னப்பின்ன பாக்காத ஆளுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"பாத்துட்டே போடுங்க சார்," என்றாள் அவள். "சனிக்கிழமை காலைல இங்க வரச் சொல்லுவோம். கட்டடத்தைச் சுத்திக் காட்டுங்க, பேசிப் பாருங்க. மனசுக்குப் பட்டா போடுங்க."

அவர் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்க அவருக்கு ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்றோ. "எத்தனை மணிக்கு?" என்றார்.

அன்று மாலையே முகப்பை மாற்றினாள். 'பாரம்பரியத்தின் காவலராக இணையுங்கள்' என்று அகலமாகக் கிடந்த வரியைத் தூக்கிவிட்டு, 'எங்களில் யாரையும் தெரியாதா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீரேற்று நிலையத்துக்கு வாருங்கள். உங்களை முன்மொழிய இரண்டு பேர் இருப்போம்' என்று போட்டாள். கீழே இருவரின் படம். செயலாளர் அதில் முறைத்துக்கொண்டிருந்தார். வேறு படம் இல்லை என்றுவிட்டார்.

முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சக்கரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று செயலாளர் பேனாவை மூடிவிட்டார். பொருளாளர் அம்மா செயலாளரை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய் இரண்டு நிமிஷம் பேசியபிறகு மூன்று பேருக்கும் கையெழுத்து விழுந்தது.

அடுத்தது மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. மழை பிடித்துக்கொண்டது. நாலு பேர் ஆக இன்னும் ஓர் ஆள் வேண்டும். பதினொரு மணிவரை வாசலில் குடையோடு நின்றாள். பதினொன்றரைக்கு ஒரு கணவனும் மனைவியும், கூடவே அந்தம்மாவின் அக்காவும் நனைந்து வந்து சேர்ந்தார்கள். ஒரு மணிக்கு அவள் மாடிப்படியில் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டாள்.

"மொத்தம் ஆறு."

"சாப்டீங்களாக்கா?" என்றாள் முதலாளி.

"எங்க சாப்பிடறது? கையெழுத்துப் போட்டு அரை மணி நேரமாச்சு, செயலாளரு இன்னும் அவங்களை விடல. சக்கரத்தை ஒவ்வொரு பல்லாச் சொல்லிக்கிட்டு வராரு, மூணாவது பல்லுலதான் நிக்கிறாரு."