நேராகச் சுற்றித் தோற்கட்டும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மைக்கேல் அண்ணனுக்கு "பேன் பாக்குறவரு" என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் பெரிய பேன்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. போன செவ்வாய்க்கிழமை அவர் மகள் போன் பண்ணி, "அத்தை, அப்பா போயிட்டாங்க" என்றபோதுகூட, "எங்க, பேன் பாக்கவா?" என்றுதான் கேட்டேன். அந்தப் பிள்ளை அழுத பிறகுதான் புரிந்தது.

அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பரீட்சை நாள் நினைவிருக்கும். கொழும்பிலிருந்து புதுப் பேன் ஒன்று வந்தது. பழசையும் புதுசையும் அடுத்தடுத்த தொட்டிகளில் ஓடவிட்டு, ஒரே மலைக் கொழுந்தை ஒரே எடையில் பரப்பச் சொன்னார் தோட்டத்தை நடத்துகிற துரை. புதுசு ஜெயித்தால் கொழுந்தைக் கையால் புரட்டிவிட ஆள் வேண்டாம். தொட்டிகள் இருக்கிற மாடியில் வேலை செய்த நாங்கள் மூன்று பொம்பளைகளும் திரும்பக் கொழுந்து பறிக்க மலையேற வேண்டியதுதான். என் முட்டியோ மாடிப்படிக்கே அழுகிற முட்டி.

மதியம் துரை இரண்டு தொட்டியிலும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கசக்கினார். பழைய தொட்டிக் கொழுந்து துவண்டிருந்தது. புதுத் தொட்டியில் சூடேறிக் கிடந்தது. "பழசே போதும் போல" என்றார்.

மைக்கேல் அண்ணன் சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்தார். கொழுந்துக்கு மேலே அதைப் பிடித்துத்தான் காற்றைப் பார்ப்பார். புதுத் தொட்டியில் ரிப்பன் மேலே எழும்பவில்லை. கீழே கொழுந்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் முகம் மாறியது.

"அண்ணே, பேசாம இருங்க. ஒங்க கால்ல விழுறேன்" என்றேன் காதோரமாக.

"ஒன் முட்டிய வச்சிக்கிட்டு எப்பிடி விழுவ?" என்று கேட்டுவிட்டு, துரையிடம் போனார். "சேர், வயரை நான் மாத்திக் குடுத்துட்டேன். புதுசு பின்பக்கமா சுத்துது. தோத்தாலும் நேரா சுத்தித் தோக்கட்டும்."

வயரை மாற்றினார். ரிப்பன் கூரையைப் பார்த்து நிமிர்ந்தது. அந்த நிமிஷமே அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

அவரோ ரிப்பனை விடவில்லை. அடி அடியாகத் தொட்டியைச் சுற்றி வந்தார். நாலு மூலையிலும் அது செத்துத் தொங்கியது. "நடுவுல புயல் சேர், மூலையில ஒன்னுமே இல்ல. கை வச்சிப் பொரட்டாட்டி மூலைக் கொழுந்து பச்சையாவே கெடக்கும்."

துரை ரிப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க பிழைய நீங்களே சொன்னீங்க. அதனால இதையும் நம்புறேன்" என்றார் கடைசியில். புதுப் பேனும் இருந்தது, நாங்களும் இருந்தோம்.

அந்த ரிப்பனை மகள் என்னிடம் தந்துவிட்டாள். தினமும் காலையில் நாலு மூலையிலும் பிடித்துப் பார்த்த பிறகுதான் கொழுந்தில் கை வைக்கிறேன். மூலையில் அது தொங்கும்போதெல்லாம் அவர்தான் எனக்கு வேலை கொடுக்கிறார்.

ஹட்டன் கடைக்குப் போன் பண்ணி அஞ்சலி பேனருக்கு விவரம் சொன்னதும் நான்தான். "எங்கள் தோட்டத்தில் கடைசிவரை பேன் பார்த்தவர்" என்றேன். சொன்னபடியே அடித்துக் கொடுத்தார்கள். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சீப்பும் போட்டிருந்தார்கள்.