களப்பில் ஊன்றிய கால்

ஸப்ராஸுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது மன்னார் உப்புக்குளத்தில் எல்லோருக்கும் தெரியும். கோபத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அதுதான் பெரிய வியாதி. அவன் பிறந்தது புத்தளத்தில், அகதி முகாமின் ஓலைக் கொட்டிலொன்றில். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னாரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனத்தோடு சனமாகப் போனவர்கள் அவனுடைய உம்மாவும் வாப்பாவும். அவன் இந்தத் தீவை முதன்முதலாக மிதித்தபோது வயது பத்தொன்பது. "புத்தளத்தான்" என்று யாராவது பகிடிக்குக் கூப்பிட்டாலும் முகம் கறுத்துவிடும். அதனாலேயே ஒவ்வொரு தெருவையும் ஒழுங்கையையும் தான் தவழ்ந்து வளர்ந்த இடம் மாதிரிப் பேசப் பழகிக்கொண்டான்.

பத்து வருடம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினான். பிறகு தடித்த ரயர் போட்ட சைக்கிள்கள் நாலைக் கொழும்பிலிருந்து இறக்குவித்து, வெளியூர் ஆட்களை மணலால் கூட்டிக்கொண்டு போகிற தொழிலைத் தொடங்கினான். தாழ்வுபாட்டில் ஏறினால் கரையோடு கரையாகப் போய், ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் தலைமன்னார். ரயரில் காற்றைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டால் பூமணலிலும் சில்லு புதையாது. மீன் காயவைக்கிற பெண்கள் "யானைக்கால் சைக்கிள் வருது" என்று சிரிப்பார்கள். அவனும் கையைக் காட்டிவிட்டுப் போவான். தொழிலில் கெட்டிக்காரன்தான், பொய் சொல்லக் கூடாது.

பிரச்சினை கரைவலையால் வந்தது. வள்ளம் போய் வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று முப்பது பேர் இரண்டு மூன்று மணித்தியாலம் இழுப்பார்கள். தை மாதம் ஒருநாள், ஸப்ராஸ் கூட்டிவந்த ஆள் ஒருவர் இழுபட்டுக்கொண்டிருந்த கயிற்றின் மேலாலேயே சைக்கிளை ஏற்றிவிட்டார். வலைக்காரன் றொசாந்தன் ஓடிவந்து ஹான்டிலைப் பிடித்தான்.

"கண் தெரியேல்லையோ? கயிறு அறுந்தா ஆர் பொறுப்பு?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஸப்ராஸ் கேட்கவில்லை. "கடற்கரை என்ன, உங்கட அப்பன்ர காணியோ?" என்றான்.

"ஓம், அப்பன்ர கரைவலைப் பாடுதான். அவருக்குப் பிறகு நான்தான் இதில வலை வளைக்கிறன். வேணுமெண்டா உன்ர வாப்பாவைப் போய்க் கேள்!"

ஸப்ராஸின் வாப்பா ஊருக்குத் திரும்பாமலே புத்தளத்தில் மௌத்தாகிப்போனவர். றொசாந்தனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் குத்தியது குத்தியதுதான். அன்றிலிருந்து இருவரும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூன்று கிழமை கழித்து, கனடாவிலிருந்து வந்த யசோதரனையும் அவருடைய மனைவி டிலக்சனாவையும் கூட்டிக்கொண்டு ஸப்ராஸ் அதே கரையால் வந்தான். மத்தியானம் ஆகவில்லை. தூரத்தில் றொசாந்தனின் ஆட்கள் கயிற்றில் நின்றார்கள். கடலின் மேலே பறவைகள் கூட்டமாக வட்டமிட்டன; நல்ல மீன்பாடு என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கிட்டப் போய் ஒரு சொல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஸப்ராஸுக்கு அந்த ஒரு சொல் தொண்டையைவிட்டு வெளியே வரவில்லை.

"பின்பக்கம் களப்பால போவம். நல்ல வடிவான இடம்," என்றான்.

"உமக்குப் பழக்கமான பாதைதானே, தம்பி?" என்று யசோதரன் கேட்டார்.

"நான் ஓடித் திரிஞ்ச இடம் அண்ணை."

ஒரே ஒரு தடவைதான் ஓடியிருந்தான். அதுவும் ஆவணி வெயிலில், கடல்நீர் ஏறி வடிகிற அந்தக் களப்பு வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது. இப்போது மாரி முடிந்த கையோடு, மேலே மட்டும் உப்புப் பொருக்கு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முதல் நூறு யார் தூரத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. பொருக்கு சில்லுக்குக் கீழே நெளிந்தது.

"நிப்பாட்டாதேங்கோ! என்ன நடந்தாலும் கால் ஊண்டாதேங்கோ! உருண்டுகொண்டிருந்தாச் சில்லு தாழாது!"

திரும்பிப்போவோம் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. நடுக்களப்பில் டிலக்சனாவின் முன்சில்லு பொருக்கை உடைத்தது. கறுப்புத் தண்ணீர் பீறியது. பயத்தில் அவள் பிறேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள். கால் முழங்கால்வரை போனது. அதை இழுக்க மற்றக் காலை ஊன்றினாள். ஸப்ராஸ் திரும்பி வந்து சேருவதற்குள் தொடைக்கு மேலே சேறு.

அவன் தன் சைக்கிளைக் கிடையாகப் போட்டு, அதன் மேல் வயிறு படப் படுத்து, அவளுடைய கைகளைப் பிடித்து இழுத்தான். அவள் வலியில் கத்தினாள். ஓர் அங்குலம்கூட வரவில்லை. யசோதரன் கிட்ட வரப்போய்த் தானும் முழங்கால்வரை தாழ்ந்து, சைக்கிளைப் பிடித்துத் தவழ்ந்து தப்பினார். அவர் அம்புலன்சுக்குப் போன் அடித்தார். வருகிறோம் என்றார்கள். ஆனால் வாகனம் வரக்கூடிய றோட்டு அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்தது.

அப்போதுதான் ஸப்ராஸ் தண்ணீரைக் கண்டான். களப்பின் வாயால் கடல் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு விரல் உயரம்தான், ஆனால் நிற்காமல் வந்தது. நிற்கிற மனிதருக்கு அந்த ஏற்றம் முழங்கால் தண்ணீர். இடுப்புவரை புதைந்தவளுக்கு அது கழுத்துக்கு வரும்.

"தம்பி, என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ," என்று டிலக்சனா அழுதாள்.

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா. அல்லாஹ் மேல ஆணையா வருவன்."

மூன்று சைக்கிள்களையும் அவளைச் சுற்றிப் படுக்கவைத்து, அவற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிறகு நெஞ்சால் ஊர்ந்து கரைசேர்ந்து ஓடினான். பனங்காட்டைத் தாண்டினால் யார் நிற்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது? அன்று கயிற்றடியில் அவன் கேட்ட கேள்விக்கு அப்படிச் சொல்லவும் அவர்களுக்கு நியாயம் இருந்தது.

மீன் சேருகிற பையான வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. அந்த நேரம் கயிறு தளர்ந்தால் மீன் போய்விடும். காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் வீண். ஸப்ராஸ் றொசாந்தனுக்கு முன்னால் போய் நின்றான். மூச்சு வாங்கியது.

"அண்ணை... களப்புக்குள்ள ஒரு பொம்பிளை சேத்தில தாண்டுபோனா. இடுப்புமட்டும். தண்ணி ஏறுது."

றொசாந்தன் அவனைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தான், பறவைகளைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம்?"

"நடுவுக்க."

"அறிவு கெட்டவனே! கிழக்குக் கயிறு, விடுங்கோ! வள்ளம் தள்ளுற பலகையள் எல்லாத்தையும் தூக்குங்கோ!"

பதினைந்து பேர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள்.

அவர்கள் போனபோது தண்ணீர் டிலக்சனாவின் மார்புக்குக் கீழே நின்றது. பலகைகளை அடுக்கி, றொசாந்தன் படுத்தபடி அவளிடம் போனான். கையை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு ஒன்றும் செய்யாமல் கிடந்தான்.

"இழுங்கோவன்! ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்று யசோதரன் கத்தினார்.

"இழுத்தா இடுப்பு கழண்டுபோகும் அண்ணை. இறுகின சேறு விடாது. தண்ணி இன்னும் ஏறவேணும், தண்ணிதான் இளக்கும்."

இதைவிடக் கொடுமையான ஒரு சொல்லை ஸப்ராஸ் கேட்டதில்லை. தண்ணீர் வருவதற்காகக் காத்திருப்பதா? அவள் சரிந்துவிடாமல் முதுகைத் தன் தோளால் தாங்கிக்கொண்டான். மார்பு. அக்குள். அவளுடைய பற்கள் கிட்டிக்கொண்டன. தண்ணீர் தோளைத் தொட்டபோதுதான் றொசாந்தன் மூச்சைப் பிடித்துத் தலையைத் தாழ்த்தினான். அவளுடைய காலோடு கையை விட்டுச் சேற்றைக் கிளறித் தண்ணீரை இறக்கினான். எழும்பி மூச்செடுத்தான், திரும்பவும் தாழ்ந்தான். எத்தனை தரம் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் "மெதுவா... முழங்காலை மடியுங்கோ தங்கச்சி," என்றான். ஒரு கால் கழன்றது. அவள் கழுத்துவரை நனைந்திருந்தபோது மற்றக் காலும் வந்தது. பலகையில் இழுத்துப் போட்டதும் அவள் யாருடையதென்று பாராமல் கிடைத்த கைகளைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதாள்.

கரையில் மற்றப் பக்கத்து ஆட்கள் தங்கள் கயிற்றை விடாமல் பிடித்தபடியே நின்றார்கள். வலை கோணிக் கிடந்தது. மடியைத் தூக்கிப் பார்த்தபோது நாலைந்து காரல் மீனும் பாசியும்தான். வலையை உதறத் தொடங்கினார்கள்.

டிலக்சனாவை வாகனத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு ஸப்ராஸ் றொசாந்தனிடம் வந்தான். உடம்பு முழுக்கச் சேறு. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"எனக்கு இந்தக் களப்பு தெரியாது அண்ணை. நான் பிறந்தது புத்தளத்தில." அதைச் சொல்ல அவனுக்குப் பதின்மூன்று வருடம் எடுத்தது.

"அதுக்கென்ன? களப்பைப் பற்றி இஞ்ச பிறந்தவனும் கேட்டுத்தான் போறவன். அது கிடக்கட்டும், ஏன் கரையால வரேல்லை?"

"நீங்கள் கயிறு இழுத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

றொசாந்தன் அவனை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"அதுக்கு? பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில வாற பிள்ளையளுக்கு நாங்கள் ஒவ்வொரு நாளும் கயிறைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறம். குனிஞ்சு போயிருவினம். ஒரு சத்தம் குடுத்திருந்தா உனக்கும் பிடிச்சிருப்பம்தானே."