மனுவை மூடிய சால்வை

மனு என்ற சொல்லைத் தூத்துக்குடியில் பிள்ளை பெற்றவள் சாதாரணமாகக் கேட்க மாட்டாள். மனு கொடுக்கப் போன கூட்டத்தைத் துப்பாக்கியால் சுட்ட ஊர் இது. அன்றைக்கு என் மகள் பள்ளிக்கூடப் பிள்ளை. கதவைப் பூட்டி, டி.வி.யை அணைத்து, அவளைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தேன். அதே மகள் கல்லூரிக்குப் போன பிறகு, ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யம்மா, நாங்க ஒரு மனு குடுக்கப் போறோம்" என்றாள். நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"எதுக்குளா?"

"காசாவுக்கு."

நான் எட்டாவதோடு நின்று இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போனவள். காசா எங்கே இருக்கிறது என்று அவள்தான் செல்போனில் காட்டினாள். ஒரு குழந்தை காலிச் சட்டியை நீட்டிக்கொண்டு நின்றது. சட்டி பெரிது, கை குச்சி போல இருந்தது.

"அதுக்கு நீ என்ன செய்ய முடியும்?"

"இலங்கையில கஷ்டம் வந்தப்போ நம்ம ஹார்பர்ல இருந்துதான அரிசியும் பால்பவுடரும் போச்சு? அப்பாவும் லோடு அடிச்சாருல்லா? அதே மாதிரி அங்கயும் அனுப்பச் சொல்லி சட்டசபையில ஒருத்தர் எந்திச்சுப் பேசணும். அவ்வளவுதான் கேக்கோம்."

அவள் அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது, எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதென்றால் பாருங்கள், ஆனால் நானும் கூட வருவேன் என்றேன். எந்த எம்.எல்.ஏ., எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று இங்கே எழுத மாட்டேன். பயம் இன்னும் விட்டபாடில்லை.

அவளோடு படிக்கிற பிள்ளைகள் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் மனு எழுதினார்கள். ஒவ்வொரு வரிக்கும் சண்டை. டீ கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நான் எட்டிப் பார்த்து, "யாரையும் திட்டி எழுதிராதிய" என்பேன். "யம்மா, நீ போயிரு" என்பாள்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பட்டாவுக்கும் டிரான்ஸ்பருக்கும் வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் உதவியாளர் பிள்ளைகளை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறுங்கையோடயா வந்திருக்கிய?"

"மனு இருக்கு அண்ணாச்சி."

"மனுவையா அவரு தோள்ல போடப் போறீய?"

மூலையில் சால்வைகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து எம்.எல்.ஏ. தோளில் ஏறி இறங்கியவை. அதில் மடிப்பு அதிகம் கலையாத ஒன்றை உருவி ஒரு பையன் கையில் திணித்தார். "இதப் போட்டுட்டு அப்புறம் பேசுங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா." சால்வை போடாமல் இந்த நாட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என் மகள் முகத்தைச் சுளித்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினேன்.

எம்.எல்.ஏ. சிரித்த முகம். பக்கத்தில் போட்டோக்காரன் ஒருவன் தயாராக நின்றான். படத்தில் தெரியட்டும் என்று மகள் மனுவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் சால்வையை விரித்தான். அதன் சரிகை முனை மனுவின் மேல் வந்து விழுந்தது. "இங்கன பாருங்க" என்றான் போட்டோக்காரன்.

பிறகுதான் மகள் பேச வாயெடுத்தாள். பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

"காசாவா? டி.வி.யில பாக்கவே முடியல தாயி. நானும் பிள்ளகுட்டிக்காரன்தான. கண்டிப்பாப் பேசுதேன்" என்று மனுவை வாங்கி மேஜையில் வைத்தார். "நீ எந்தத் தெரு?"

சொன்னாள்.

"அங்கன தண்ணி ஒழுங்கா வருதா?"

"தண்ணியப் பத்தி மனுவுல இல்ல சார்."

"வருது அண்ணாச்சி, நல்லா வருது" என்று நான் முந்திக்கொண்டேன். எங்கள் தெருவில் குழாய் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது.

யாரும் அடிக்கவில்லை, யாரும் பெயர் கேட்டு எழுதவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகளும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். "பேசுதேன்னு சொல்லிட்டாருல்லா" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வாரம் அவருக்குப் பிறந்தநாள் என்பது எங்களுக்குத் தெரியாது. ரேஷன் கடை முக்கில் பிளக்ஸ் எழுந்தது. 'நேரில் வாழ்த்திய மாணவச் செல்வங்கள்' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே அவருக்குப் பக்கத்தில் என் மகள், சால்வைக்குப் பின்னால் கையை ஒளித்துக்கொண்டவள் போல.

ரேஷன் வாங்கப் போனபோது பக்கத்து வீட்டுக்காரி என் தோளை இடித்தாள். "ஏளா, ஒம் மவளுக்கு அண்ணாச்சிகிட்ட நல்ல பழக்கம் போல. எம் மவனுக்கு ஹார்பர்ல ஒரு வேலைக்குச் சொல்லச் சொல்லேன்."

போராட்டம் கீராட்டம் என்று போனால் டி.சி.யைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்த கல்லூரி, அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெருமைப்பட்டது.

மகள் சமையல்கட்டிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் கதவை மறித்து நின்றேன்.

"பிளக்ஸக் கிழிச்சா கேஸ் போட்டுருவானுவ."

"போடட்டும்."

"ஒங்க அப்பா ஹார்பர்ல லாரி ஓட்டுதாருளா."

கத்தியை வைத்துவிட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டசபை கூடியபோது செல்போனை மடியில் வைத்துக்கொண்டு நாள்தோறும் பார்த்தாள். ஒரு நாள் எம்.எல்.ஏ. எழுந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். தன் கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னார். மறுபடியும் நன்றி சொன்னார். கரையைக் கடல் அரிக்கிறது, கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுத் தர வேண்டும் என்று கேட்டார். உட்கார்ந்துவிட்டார். தூண்டில் வளைவும் வேண்டியதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை பார்த்தாள். அவர் வேறெதற்கும் எழவில்லை.

அவள் மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். உதவியாளர் சொன்னாராம்: "அதான் படம் போட்டாச்சே தாயி."

காசாவுக்கு இங்கிருந்து அரிசி போனதாக அவள் அப்பா இதுவரை சொன்னதில்லை. அந்தச் சட்டிக் குழந்தையின் படத்தை அவள் இப்போது என்னிடம் காட்டுவதில்லை. எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்றும் சொல்வதில்லை. நேற்றும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"எங்களா போற?"

செருப்பை மாட்டியபடியே சொன்னாள்: "சால்வை போடப் போறேன். நீயும் வாரியா?"