கீழ வீதியில் வாங்கிய பூ

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வாயும் ஜாஸ்தி. அதனால்தான் கீரப்பாளையத்தில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துத் தோழி, இறந்துபோன வீட்டுக்காரரின் காரியத்துக்கு முந்தின நாள் காலையில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"சாயங்காலம் தலை நெறைய பூ வெச்சி, கை நெறைய வளையல் போட்டு உக்கார வெக்கப் போறாங்களாம்டி. விடிஞ்சா எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. என்னால முடியாது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. உங்க அம்மாவுக்கு நீ செய்ய விடல இல்ல?"

உண்மைதான். அப்பா இறந்தபோது பூவும் வளையலுமாக வந்த அத்தைகளை வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சத்தம் போட்டவள் நான். அந்தக் கதையை நானேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "மத்தியானத்துக்குள்ள அங்க இருப்பேன், நீ கவலைப்படாத" என்றேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு லீவு சொன்னேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது மாமியாரிடம், "நான் போய் நிறுத்திட்டு வரேன் அத்த" என்று பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "செய் செய், நல்ல காரியம். வரும்போது நேரா உள்ள வந்துடாத, பின்பக்கம் சுடுதண்ணி போட்டு வெக்கறேன்" என்றார் அவர்.

கடலூரிலிருந்து போனால் சிதம்பரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் கிளம்பத் தயாராக நின்றிருந்தது. கண்டக்டர் கீரப்பாளையம், கீரப்பாளையம் என்று கூவிக்கொண்டிருந்தார். நான் ஏறவில்லை. எங்கள் வீட்டில் அத்தைகளிடம் சத்தம் போட்டது வேறு. இது அடுத்தவர் வீடு. அவள் மாமியார், நாத்தனார், பிறந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று, நீ யார் கேட்பதற்கு என்றால் என்ன சொல்வது? ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காபி நன்றாக இருந்தது. அதுதான் வினை.

கடையை விட்டு வெளியே வந்த கால்கள் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பாமல் மேல வீதிப் பக்கம் போயின. சிதம்பரம் எனக்குப் புது ஊரில்லை. ஆனால் வந்தபோதெல்லாம் கூட ஒரு பட்டாளம் இருக்கும். கோயில், பிரசாதம், நேரே வீடு. யார் கையையும் பிடிக்காமல், யாருக்குத் தாகம், யாருக்குக் கால்வலி என்று கேட்காமல் ஒரு தெருவில் நடந்ததே இல்லை. அன்றைக்கு நடந்தேன். கோலம் பெரிதாக இருந்த சந்துக்குள் நுழைந்து, அது முட்டுச்சந்தென்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். ஒரு பித்தளைக் கடையில் வாங்கும் உத்தேசமே இல்லாமல் குத்துவிளக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

தெற்கு வீதியில் ஒரு சின்ன மெஸ். சம்பா சாதமும் கொத்சுவும். துக்க வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க முடியாது, சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் முறை என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். சுட்ட கத்தரிக்காய் வாசனையோடு கொத்சு இலையில் விழுந்தபோது போன் அடித்தது. அவள்தான்.

"எங்கடி வர?"

"பஸ்ஸே வரலடி. சிதம்பரத்துலதான் நிக்கறேன்."

"சரி, பாத்து வா. வெயில்ல நிக்காத."

வாயில் இருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பேசினேன். போனை வைத்த பிறகு எழுந்திருக்க வேண்டியதுதானே? இன்னொரு கரண்டி கொத்சு கேட்டேன்.

கீழ வீதியில் வெட்டிவேர்க் கடை ஒன்று. வாசலிலேயே ஒரு அம்மா உட்கார்ந்து விசிறி பின்னிக்கொண்டிருந்தார். நானும் பின்னிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, வேரை இழுத்து இழுத்து அறுத்தேன்.

"டீச்சரா நீங்க?"

"எப்படித் தெரியும்?"

"பையன் காதத் திருவுற மாரியே திருவுறீங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுக்க, நாலு வரிசை பின்னினேன். கோணலாக வந்தது. அந்தக் கோணல் விசிறியையே வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் பூக்காரி மல்லியை அளந்துகொண்டிருந்தாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போகப் புறப்பட்டோம் என்ற நினைப்பே அப்போது இல்லை.

வெயில் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும்தான் திக்கென்றது. ஓடினேன். பஸ் முழுக்க, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கீரப்பாளையத்தில் அவள் வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள். நடுவில் மணையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க மஞ்சள், தலை கொள்ளாத பூ, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மூலையில் அவள் மாமியார் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். சண்டை போடுவதற்கு அங்கே யாருமே இல்லை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தைக்கூட அல்ல, தலையைப் பார்த்தார்கள். அப்போதுதான் என் கை பின்னலுக்குப் போனது. துக்க வீட்டுக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

பூவைப் பிடுங்கப் போன என்னை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நல்ல பூவா இருக்குடி. எங்க வாங்கின?"

"கீழ வீதில."

"சாப்டியா?"

"ம்."

"அப்ப சரி" என்றாள்.

திட்டியிருக்கலாம். அவ்வளவு பேர் முன்னால் ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை பூவின் கனத்தில் அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து விசிறியை எடுத்து வீசினேன். வெட்டிவேர் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அவள் விசிறியை ஒரு முறை பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது வளையல்கள் மொத்தமாகச் சரிந்து முழங்கையில் விழுந்தன.

விசிறியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் பின்பக்கம் அண்டாவோடு காத்திருந்தார். என்னைக் கல்லில் உட்கார வைத்துத் தலையில் ஊற்றினார். தண்ணீரோடு பூ அவிழ்ந்து காலடியில் விழுந்தது. இருட்டில் அவர் கவனிக்கவில்லை.

"நிறுத்திட்டியா?"

"இல்ல அத்த. லேட்டாயிடுச்சி."

"நீ இன்னா பண்ணுவ பாவம்" என்று இன்னொரு சொம்பு மொண்டார். "பஸ்ஸு வந்தாத்தான."

நான் தலையைக் குனிந்து காட்டினேன்.