ஈரான் மிஸ்

பிள்ளையார்பாளையத்தில் மங்கையர்க்கரசியைத் தெரியாதவர்கள் இல்லை. மதிப்பதற்காகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். கேலி பேசுவதற்காகத் தெரிந்துவைத்திருந்தவர்கள்தான் அதிகம். 'ஈரான் மிஸ்' என்றால் கறிகாய்க்கடைக்காரர்கூட வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார். தனியார் பள்ளியொன்றில் வரலாறு நடத்தினாள். கணவர் பஞ்சாட்சரம் பட்டு நெய்கிறவர்.

கல்லூரி நாளில் பரங்கிமலைக்குச் சுற்றுலா போனபோது, அங்கே ஒரு பழைய கற்சிலுவையைச் சுற்றி நெளிந்து ஓடிய எழுத்தை அவள் பார்த்தாள். பஹ்லவி, ஈரானில் அந்தக் காலத்தில் எழுதியது, இந்தப் பக்கம் படிக்க ஆளில்லை என்று கூட வந்த விரிவுரையாளர் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்க்க நடந்தார். மங்கையர்க்கரசி நகரவில்லை. தன் வாழ்க்கையில் தானாக விரும்பிப் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான் என்று பிற்பாடு அவள் சொல்வாள். பம்பாயிலிருந்து புத்தகம் வரவழைத்தாள். இணைய வகுப்புகள் வந்த பிறகு, சமையலை முடித்துவிட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரே கோடு ஓரிடத்தில் 'ந', இன்னோரிடத்தில் 'வ', மற்றோரிடத்தில் 'ர' என்று நிற்கும் எழுத்து அது. அதைப் பிடிக்குள் கொண்டுவர அவளுக்கு இளமை முழுவதும் போயிற்று.

கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. மாடியறையில் 'தொல் ஈரான் கல்வி வட்டம்' என்று பலகை மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தாள். வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், மறுவாரம் வரவில்லை. தங்கிவிட்டவள் அபிநயா ஒருத்திதான்.

அபிநயா பக்கத்துக் கூரம் கிராமத்துப் பெண், கல்லூரி மாணவி. அப்பா துரைக்கண்ணு பயிர் வைத்துக்கொண்டே கட்சியிலும் ஏறிவந்தவர். ஒரு நாள் மங்கையர்க்கரசி ஒரு வரியைப் படித்துக்காட்ட, அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மிஸ், அத்த 'ந'ன்னு படிச்சா அர்த்தம் வரலியே. 'வ'ன்னு வெச்சுக்கினா சரியா இருக்குது."

சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு மங்கையர்க்கரசி கீழே இறங்கிவந்து, தறியில் இருந்த கணவரிடம், "எனக்கப்புறம் ஒருத்தி இருக்கா" என்றாள்.

வட்டத்தின் பேரைக் கொஞ்சம் வெளியே தெரியச்செய்யலாம் என்று ஒரு ஞாயிறு, பல்லவர் கட்டிய கைலாசநாதர் கோயில் புல்தரையில் பொதுக்கூட்டம் வைத்தாள். பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலா வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவர் கேட்டார்: பல்லவர்கள் ஈரானிலிருந்து வந்தவர்களாமே?

"பல்லவர், பஹ்லவர்னு பேர் ஒத்துப்போறதால, அவங்க ஈரான்லேர்ந்து வந்தவங்கன்னு பழைய ஆய்வாளருங்க சில பேரு எழுதினாங்க" என்றாள். பிறகு, அதற்குச் சான்று கிடையாது, இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை, தானும் ஏற்கவில்லை என்று நிதானமாக விளக்கினாள். யாரோ கைபேசியில் படமெடுத்தார்கள். ஊரெங்கும் பரவிய படத்தில் 'ஈரான்லேர்ந்து வந்தவங்க' என்பதோடு பேச்சை வெட்டியிருந்தார்கள்.

நம் ராஜாக்களை அந்நியர் என்கிறாள் ஒருத்தி என்று வாட்ஸாப்பில் கொதித்தார்கள். வாசல் கதவில் சாணி அடித்தார்கள். ஊர்ப்பெருமை காக்க என்று திடீரென ஒரு குழு முளைத்தது. அதில் துரைக்கண்ணு முன்வரிசை. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சிருந்த நேரம். குழு பள்ளிக்கூடத்துக்கே வந்தது. பள்ளித் தாளாளர் மங்கையர்க்கரசியைக் கூடத்தில் நிற்கவைத்து விசாரித்தார். யாரும் அவளுக்கு நாற்காலி போடவில்லை.

"முழுசா பேசினத அபிநயா கேட்டிருக்கா. அவளக் கேளுங்க" என்றாள்.

துரைக்கண்ணு, தன்னோடு கூட்டிவந்திருந்த மகளைப் பார்த்தார். "சொல்லும்மா. இந்தம்மா நம்ம ராஜாங்களப் பத்தி அப்டித்தான் சொல்லிக்குடுத்துக்கினு இருந்தாங்களா?"

அபிநயா தரையைப் பார்த்தபடி, "ஆமா" என்றாள்.

அந்த வாரமே வேலை போயிற்று. அதோடு விடவில்லை. பஞ்சாட்சரத்துக்கு நெய்யப் பாவு நூல் கொடுத்துக்கொண்டிருந்த ஜவுளிக்காரர், கொஞ்ச நாள் போகட்டும் என்று கையை விரித்தார். தறி சும்மா கிடந்தது. பஞ்சாட்சரம் சத்தம் போடுகிற மனிதரல்ல. ஒரு காலை அவள் கடைக்குப் போயிருந்தபோது, மாடியிலிருந்த புத்தகங்களை மூட்டை கட்டி, பழைய பேப்பர்காரனை அழைத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அது இருந்தா நீ வுடமாட்ட. நாம சோறு துண்ண வேணாமா?" என்றார்.

அவள் கடை கடையாய்த் தேடிப்போனாள். ரயில்வே ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் அட்டைகள் மட்டும் கிழிந்து கிடந்தன. உள்தாள்கள் லாரியேறிவிட்டன. கடைக்காரன் அட்டைகளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவள் எடுக்கவில்லை.

மழைக்காலம் கழிந்து அபிநயா வந்தாள். படியிலேயே நின்று அழுதாள்.

"எங்கப்பா சொல்லிட்டாரு மிஸ். ஆமான்னு சொல்லலன்னா படிப்பு கிடிப்பு எதுவும் கெடையாது, கல்யாணந்தான்னு. படிக்கணும்னுதான் மிஸ் அப்டி சொன்னேன்."

பம்பாயில் ஓர் ஆய்வு நிலையத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பழைய ஈரானியப் படிப்பு. தங்கிப் படிக்க உதவித்தொகை. சொந்தமாகச் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றை அனுப்பியிருந்தாள். சொல்லிக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க நம்பரத்தான் குடுத்தேன் மிஸ். வேற யாரு இருக்காங்க எனக்கு."

"அழாத. நா பேசறேன்" என்றாள் மங்கையர்க்கரசி. காப்பி போட்டுக் கொடுத்தாள். பெண் தெளிந்த முகத்தோடு போனாள்.

அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு பேராசிரியர், மரியாதையான குரல். அபிநயாவுக்கு மூல எழுத்தை நேராகப் படிக்க வருமா என்று கேட்டார்.

"வராது" என்றாள். "நா படிச்சுக் காட்டறத மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பா."

"அப்படியென்றால் அந்த மொழிபெயர்ப்பு? மிக நன்றாக இருக்கிறதே."

"அது நா செஞ்சது."

போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கியதை இறக்கிவைத்தாள். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அந்த வாரம் பலமுறை தோன்றியது. எண் போனிலேயேதான் இருந்தது. கூப்பிடவில்லை.

பம்பாயிலிருந்து, இடமில்லை என்று மட்டும் பதில் வந்தது. துரைக்கண்ணு செங்கல்பட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார். வைகாசி மாதம் அப்பாவும் மகளும் தாம்பாளத்தோடு பத்திரிகை வைக்க வந்தார்கள்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். அரசியல்னா அப்டி இப்டித்தான் இருக்குது" என்று துரைக்கண்ணு சிரித்தார். பஞ்சாட்சரத்திடம், ஜவுளிக்காரரைத் தானே பார்த்துப் பேசுவதாகச் சொன்னார்.

ஆண்கள் வாசலுக்கு நகர்ந்தபோது அபிநயா மெல்லக் கேட்டாள். "மிஸ், அவங்க உங்களுக்கு போன் பண்ணாங்களா?"

"இல்லியேம்மா."

"அப்ப மொதல்லயே வேணாம்னுட்டாங்க போல." அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பரவால்ல மிஸ். நா அப்டி பண்ணதுக்கப்புறமும் பேசறேன்னு சொன்னீங்க பாருங்க. அதுவே போதும் எனக்கு."

மங்கையர்க்கரசி அவள் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினாள். கல்யாணத்துக்கும் போனாள். முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்ததையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.