நாலு எட்டு நடந்த கவுன்சிலர்

வார்டில் எது உடைந்தாலும் நாமே உடைத்தது மாதிரி பதில் சொல்லவேண்டிய வேலைக்குக் கவுன்சிலர் வேலை என்று பெயர். முப்பது வருஷம் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை பேரம்பேசிப் பிழைத்தவன் நான். ஓட்டுக் கேட்டுப் போய் மாட்டிக்கொண்ட சகபாடிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

செங்கல்

எங்கள் வார்டின் கடைசித் தெருவில் ஸ்டெல்லா என்ற தையல்காரி இருக்கிறாள். மழை பெய்தால் தெரு ஓடை நிறைந்து அவள் வீட்டுக்குள்தான் பாயும். நான் போனபோது தையல் மெஷின் செங்கல் மேல் நின்றது. யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த ஜாக்கெட் சகதியில் கிடந்தது. "ஐப்பசி மழைக்கு முன்னால ஓடையை அகலமாக் கட்டித் தாறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவள் மெஷினைப் பார்த்தாள். "எதுக்கும் இன்னும் ரெண்டு செங்கல் வாங்கி வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி."

மனு

மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் மனுவை நீட்டினால், "ஓடையா? சுகாதாரத்தைக் கேளுங்க" என்றார்கள். சுகாதாரத்தில், "நாங்க தூர்வாருவோம், கட்டமாட்டோம்" என்றார்கள். மறுபடியும் முதல் மேஜை. வெயிலில் குலை சுமந்தபோதுகூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை. மேஜையில் ஓங்கி அறைந்து, ஒன்றரை மாதமாக நடையாய் நடப்பதைச் சொல்லிக் கத்தினேன். குமாஸ்தா நிதானமாக மனுவைத் திருப்பிப் பார்த்தார். "ஒன்றரை மாசம்னு எப்படி சார் தெரியும்? நீங்க தேதியே போடல்லியே."

வெளிநடப்பு

ஒருவழியாக ஓடை மாமன்றக் கூட்டத்துக்கு வந்தது, இருபதாவது பொருளாக. மூன்றாவது பொருளிலேயே ஒரு மணிநேரம் சண்டை. "எங்க ஓடையை முதல்ல எடுங்க" என்றேன். "வரிசைப்படிதான்" என்றார் மேயர்.

சந்தையில் விலை படியாவிட்டால் எழுந்து நாலு எட்டு நடக்கவேண்டும். ஐந்தாவது எட்டு வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் "வெளிநடப்பு" என்று சொல்லிவிட்டு, கூப்பிட வசதியாக மெதுவாகவே நடந்தேன். ஒரு பயல் கூப்பிடவில்லை. ஆத்திரம் அடங்க டீ குடித்துவிட்டு வந்தால் கூட்டமே முடிந்திருந்தது. வார்டு உறுப்பினர் அவையில் இல்லாததால் ஓடையை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்களாம். பக்கத்து இருக்கைக் கவுன்சிலர் தங்கப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீரு போன பொறவு கூட்டம் நல்லா ஓடிச்சு வே."

வாசல்

ஐப்பசி பிறந்து ஸ்டெல்லா வீட்டில் மறுபடியும் தண்ணீர். நடந்ததை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "அடுத்த கூட்டம் என்னைக்கு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் ஓடை ஒன்பதாவது பொருள். ஏழாவதில் ஒருவர், "இது வாழைக்குலைச் சந்தையில்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எழுந்துவிட்டேன். விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தால், கழுத்தில் தையல் டேப்போடு ஸ்டெல்லா வழியை மறித்து நின்றாள். "இப்படி எந்திரிச்சு வருவீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன். உள்ள போய் இரிங்க அண்ணாச்சி, எனக்கு ஜாக்கெட் தைக்கக் கெடக்கு."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன்; ஒன்பதாவது பொருள் நிறைவேறியது. இப்போது ஓடையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருஷ பேரத்தில் நாலு எட்டு நடந்த பிறகு, எதிராளி கூப்பிடாமலே திரும்பி வந்து நான் படிய வைத்த ஒரே வியாபாரம் அதுதான்.